எட்டு கோரா, நாற்பது கோரா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கம்ப்யூட்டர் செஸ் பற்றி எழுதும்போது, "2009இல் ஹார்டுவேர் விதியை மாற்றியதில் பெரிய சண்டை ஆகிவிட்டது" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோர் என்றால் கம்ப்யூட்டரின் பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடுகிற ஒரு பகுதி.

கே: சார், அந்த 2009 சண்டை என்ன? ஒரு புரோகிராமுக்கு இவ்வளவு கோர்தான் என்று வரம்பு வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.
– வங்கி ஊழியர், சேலம்

ப: முதலில் இந்தப் போட்டி எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் சண்டை புரியாது. உலகக் கம்ப்யூட்டர் செஸ் சாம்பியன்ஷிப்பை நடத்தியது ஐசிஜிஏ என்ற சர்வதேச அமைப்பு. 1977இல் ஐசிசிஏ என்ற பெயரில் தொடங்கி 2002இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். புரோகிராமை எழுதியவரோ அவர் சார்பில் வந்தவரோ பலகை முன்னால் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒரு லேப்டாப். திரையில் வருகிற நகர்த்தலைக் கையால் பலகையில் ஆடி, கடிகாரத்தை அழுத்தி, எதிராளியின் பதில் நகர்த்தலை லேப்டாப்பில் தட்டுவதுதான் அவர் வேலை. யோசிக்கிற மெஷின் அந்த அறையில் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அது வேறொரு நாட்டில் ஒரு அறை முழுக்க உறுமிக்கொண்டிருக்கலாம், லேப்டாப் வெறும் ஜன்னல்.

2008இல் பீஜிங்கில் ரிப்கா என்ற புரோகிராம் இப்படித்தான் ஆடியது. பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டிய 40 கோர் க்ளஸ்டர் அதற்குப் பின்னால் இருந்தது. ரிப்கா ஏற்கெனவே எல்லாரையும்விட பலமான எஞ்சின் (செஸ் புரோகிராமை அப்படித்தான் சொல்வார்கள்), அதோடு மற்றவர்கள் கனவிலும் வாங்க முடியாத மெஷின். முதலிடம் வந்ததில் ஆச்சரியமில்லை. அந்தப் போட்டி முடிந்தது அக்டோபர் தொடக்கத்தில். அடுத்தது 2009 மே மாதம், ஸ்பெயினில் பாம்ப்லோனாவில். இடையில் இருந்தது ஏழு மாதம்தான், அதற்குள் ஐசிஜிஏ ஒரு முடிவை அறிவித்தது: எந்தப் புரோகிராமும் எட்டு கோருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

வரம்பை ஆதரித்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. சொந்தக் காசில், வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து எஞ்சின் எழுதுகிற ஆள், விமான டிக்கெட்டுக்கும் அறை வாடகைக்கும் செலவழித்துப் போட்டிக்கு வருகிறார். அங்கே அவருடைய ஒற்றை கம்ப்யூட்டர் ஒரு கூடம் நிறைய மெஷின்களோடு மோதவேண்டும் என்றால் அடுத்த வருஷம் ஏன் வரப்போகிறார்? ஆள் குறைந்தால் போட்டியே செத்துப்போகும் என்ற பயம் அமைப்பாளர்களுக்கு உண்மையாகவே இருந்தது. பாம்ப்லோனாவில் மொத்தமே பத்துப் புரோகிராம்கள்தான் ஆடின என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, என்னைக் கேட்டால் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. நாற்பது கோரை ஒரே செஸ் கணக்கில் ஒற்றுமையாக வேலை செய்யவைப்பது காசு கொடுத்தால் கடையில் கிடைக்கிற விஷயம் இல்லை. அது மாதக்கணக்கில் மண்டையை உடைத்து எழுதவேண்டிய புரோகிராம். அதை எழுதி முடித்து, ஒரு உலகப் போட்டியில் ஓட்டியும் காட்டியவரிடம் போய், அடுத்த போட்டியில் இது செல்லாது என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? தவிர, அப்போது எட்டு கோரைத் தாண்டி கனமான மெஷின் வைத்திருந்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். விதியில் பெயர் இல்லை, ஆனால் படித்தவர்கள் எல்லாரும் ஒரே பெயரைத்தான் நினைத்தார்கள். ஆளைப் பார்த்துப் போட்ட விதி என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு என்ன விளக்கம் கொடுத்தாலும் போகாது.

வரம்பு வைத்ததைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. வரம்பு வைக்கலாம். ஆனால் இரண்டு மூன்று வருஷம் முன்னாடியே சொல்லிவிட்டு வைக்கவேண்டும், அப்போதுதான் யாருடைய உழைப்பும் நடுவழியில் வீணாகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, அந்த வரம்பு எதைச் சாதித்தது? பாம்ப்லோனாவில் ரிப்கா எட்டு கோரோடு வந்தது, மற்றவர்களும் எட்டுக்கு உள்ளேதான். முதலிடம் ரிப்காவுக்கே!

கே: அதிக கோர் இருந்தால் அந்த அளவுக்குப் பலம் கூடுமா? நாற்பது கோர் என்றால் எட்டு கோரைவிட ஐந்து மடங்கு பலம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– கணினி அறிவியல் மாணவி, மதுரை

ப: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, ஏன் என்று தெரிந்தால் முதல் கேள்வியில் நான் ஏன் எதிர்ப்பாளர்கள் பக்கம் சாய்ந்தேன் என்பதும் புரியும்.

செஸ் எஞ்சினின் தேடல் ஒரு மரம் மாதிரி. முதல் கிளையைப் பார்த்து முடித்தால்தான் இரண்டாவது கிளையில் எதைப் பார்க்கவே வேண்டாம் என்று வெட்டித் தள்ள முடியும். ஆல்ஃபா பீட்டா என்கிற முறையின் உயிரே இந்த வெட்டுதான். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் எட்டுக் கிளையில் ஏறினால், முதல் கிளையின் விடை வருவதற்குள் மற்ற ஏழு பேர் வெட்டித் தள்ளியிருக்கவேண்டிய இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். வேலை நடக்கிறது, பலன் இல்லை. கல்யாண வீட்டில் இருபது பேர் சமையலறைக்குள் நுழைந்தால் சாம்பார் இருபது மடங்கு சீக்கிரம் கொதித்துவிடுமா, அதே கதை.

க்ரே பிளிட்ஸ் என்ற பழைய சாம்பியன் புரோகிராமை எழுதியவர்களில் ஒருவரான ராபர்ட் ஹயட் இதை அளந்து 1997இல் வெளியிட்டார். இரண்டு பிராசசருக்கு இரண்டு மடங்கு வேகம், நாலுக்கு 3.7, எட்டுக்கு 6.6, பதினாறுக்கு 11.1. அந்தக் காலத்தில் இது பிரமாதமான எண், அதற்கே அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது. இதுவும் எல்லா பிராசசரும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கிற ஒற்றை மெஷினில். க்ளஸ்டர் என்றால் ஒரு பெட்டியில் கண்டுபிடித்ததை இன்னொரு பெட்டிக்குக் கேபிள் வழியாகச் சொல்லவேண்டும், இழப்பு இன்னும் அதிகம்.

அப்புறம், வேகம் இரட்டிப்பானால் ஆட்டபலம் இரட்டிப்பாகாது. அந்தக் காலத்து எஞ்சின்களில் வேகத்தை இரட்டித்தால் 50 முதல் 70 எலோ புள்ளி (ஆட்டபலத்தை அளக்கிற தரப்புள்ளி) கூடும் என்று சொல்வார்கள். நேரம் நீண்ட ஆட்டங்களில் இன்னும் குறையும். மேல்தட்டில் 50 புள்ளி என்பது சின்ன விஷயம் இல்லை, ஆனால் பத்துச் சுற்றுகூட இல்லாத ஒரு போட்டியில் அது அதிர்ஷ்டத்துக்குள் கரைந்துபோகிற அளவுதான். நாற்பது கோர் பெரிய சாதகம்தான், வெல்ல முடியாத சாதகம் என்று சொல்லமாட்டேன்.

கே: ரிப்காவின் பட்டங்களைப் பிறகு பறித்துவிட்டார்கள் என்று படித்தேன். அது இந்த ஹார்டுவேர் தகராறினாலா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: கிடையாது. அது முழுக்க வேறு வழக்கு. ரிப்காவை எழுதிய வாஸிக் ரஜ்லிச், க்ராஃப்டி, ஃப்ரூட் என்ற எஞ்சின்களின் குறியீட்டிலிருந்து எடுத்ததைச் சொல்லாமல் சொந்தப் படைப்பாகப் பதிந்தார் என்று 2011 ஜூனில் ஐசிஜிஏ முடிவு செய்து, 2007 முதல் 2010 வரையிலான நாலு பட்டங்களையும் ரத்து செய்தது. ரஜ்லிச் அதை மறுத்தார், அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. பீஜிங் பட்டம் ஹயார்க்ஸுக்குப் போனது. பாம்ப்லோனா பட்டத்தை ஜூனியர், ஷ்ரெடர், டீப் ஷெங் மூன்றும் பகிர்ந்துகொண்டன. எனக்கு இதில் உறுத்துவது ஒன்று: மெஷினில் எத்தனை கோர் என்று எண்ணுவதற்குச் செலவழித்த சக்தியில் கொஞ்சத்தைப் புரோகிராமின் மூலக்குறியீட்டை முன்கூட்டியே பரிசோதிப்பதில் செலவழித்திருந்தால், நாலு வருஷப் பட்டங்களை மேடையில் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பிடுங்கவேண்டி வந்திருக்காது.

கே: 2009க்கு முன்னால் இந்தத் தகராறு வந்ததே இல்லையா? பழைய காலத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டரா இருந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

ப: ஐயா, பழைய காலத்தில் வித்தியாசம் இதைவிடப் பயங்கரம். 1974இல் ஸ்டாக்ஹோமில் முதல் உலகப் போட்டியை வென்ற சோவியத் புரோகிராம் கைஸ்ஸா, மாஸ்கோவில் இருந்த ஐசிஎல் 4/70 என்ற பெரிய மெஷினில் ஓடியது. நகர்த்தல்கள் தொலைபேசியில் வந்தன. 1977இல் டொரான்டோவில் ஜெயித்த செஸ் 4.6 ஓடியது கன்ட்ரோல் டேட்டாவின் சைபர் 176 சூப்பர் கம்ப்யூட்டரில். 1983, 1986 இரண்டிலும் க்ரே பிளிட்ஸ், அது அன்றைக்கு உலகிலேயே வேகமான மெஷின் வரிசையில். யாருக்கு எந்த நிறுவனம், எந்தப் பல்கலைக்கழகம் மெஷின் நேரம் கொடுத்ததோ அதுதான் அவருடைய பலம்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மனசுக்கு நெருக்கமானது பெல் (Belle) என்ற மெஷின். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸனும் ஜோ காண்டனும் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்ஸுக்கென்றே மின்சுற்று கட்டிச் செய்த மெஷின். விநாடிக்குச் சுமார் 1,60,000 நிலைகளைப் பார்த்தது. 1980இல் லின்ஸில் உலகப் பட்டம் வாங்கியது. 1982இல் தாம்ப்ஸன் அதை மாஸ்கோவில் ஆடிக்காட்ட எடுத்துப்போகும்போது அமெரிக்க அதிகாரிகள் நியூயார்க் விமான நிலையத்திலேயே மடக்கிவிட்டார்கள், அனுமதியில்லாமல் உயர்தொழில்நுட்பத்தைச் சோவியத்துக்கு ஏற்றுமதி செய்வதாக. மெஷினைத் திரும்ப வாங்க ஒரு மாதமும் 600 டாலர் அபராதமும் ஆயிற்று. இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், பெல்லைப் பார்த்து "இது புரோகிராம் போட்டி, ஹார்டுவேரை வெளியே வை" என்று சொன்னால் எதை வெளியே வைப்பது? அங்கே செஸ் அறிவு பெரும்பாலும் கம்பியிலும் சில்லிலும் இருந்தது. அதைப் பிரிக்கவே முடியாது. 1989இல் எட்மண்டனில் ஜெயித்த டீப் தாட்டும், பிறகு 480 செஸ் சில்லுகளோடு 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வீழ்த்திய டீப் ப்ளூவும் அதே குடும்பம்.

இந்த ராட்சசர்களோடு வீட்டு மெஷின் மோத முடியாது என்றுதான் 1980இல் லண்டனில் மைக்ரோ கம்ப்யூட்டர்களுக்கென்று தனி உலகப் பட்டம் தொடங்கினார்கள். குஸ்தியில் எடைப்பிரிவு வைப்பது போல. அருமையான யோசனை. ஆனால் அங்கேயும் புகைச்சல் இருந்தது: செஸ் மெஷின் விற்கிற கம்பெனிகள் போட்டிக்குக் கொண்டுவருகிற மாடலும் கடையில் விற்கிற மாடலும் ஒன்றாக இருக்காது. போட்டிக்கு வருவது பெரும்பாலும் வேகம் கூட்டிய சோதனை மெஷின், விளம்பரத்தில் மட்டும் "உலக சாம்பியன்". அதை நம்பி வாங்கியவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

பெரியதும் சின்னதும் ஒரே களத்தில் மோதிய பொதுப் பட்டத்தில் 1992இல் அதிசயம் நடந்தது. மாட்ரிடில், எட் ஷ்ரோடர் எழுதிய புரோகிராம், பிசிக்குள் செருகுகிற ஏஆர்எம் சில்லு அட்டையில் ஓடி உலக சாம்பியன் ஆனது. 1995இல் ஹாங்காங்கில் டீப் ப்ளூவின் முன்மாதிரியை ஃப்ரிட்ஸ் தோற்கடித்தது, பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. அது ஓடியது 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில். நம் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களில் கொஞ்ச வருஷம் கழித்து வரிசையாக வைத்திருந்தார்களே, அதே ரகம். ஹார்டுவேர் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்த இரண்டு போட்டிகளைத்தான்.

கே: எதற்கு இவ்வளவு சண்டை? அமைப்பாளரே ஒரே மாதிரி கம்ப்யூட்டரை எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் முடிந்தது அல்லவா?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

ப: செய்தார்களே. 2010இல் ஜப்பானின் கனஸாவாவில் பொதுப் பட்டத்தை மறுபடி வரம்பில்லாமல் திறந்துவிட்டு, கூடவே ஒரே மாதிரி மெஷினில் எல்லாரும் ஆடுகிற சாஃப்ட்வேர் பட்டம் என்று இரண்டாவதாக ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் முதல் சாம்பியன் ஷ்ரெடர். அதே 2010இல் நார்வேக்காரர் மார்ட்டின் தோரேஸன் தொடங்கிய டிசிஇசி போட்டியும் இதே கொள்கைதான்: ஒரே மெஷின், இணையத்தில் இரவு பகலாக நேரலை, யாரும் எதையும் தூக்கிக்கொண்டு வரவேண்டியதில்லை. 2009இலேயே ஒரு பட்டத்தை இரண்டாகப் பிரித்திருந்தால் அந்தக் கசப்பே இல்லாமல் போயிருக்கும். மறுபடி திறந்துவிட்ட பட்டம் எங்கே போய் நின்றது தெரியுமா? 2015இல் லைடனில் ஜானி என்ற எஞ்சின் சாம்பியன் ஆனது, ஜெர்மனியில் பைராய்ட் பல்கலைக்கழகத்தின் 2,400 கோர் க்ளஸ்டரில் ஓடி. எட்டு கோருக்கு மேல் ஆகாது என்று சொன்ன அதே பட்டம், ஆறே வருஷத்தில்.

ஒரே மெஷின் என்ற தீர்வு சில வருஷம் நன்றாக ஓடியது. அதை உடைத்தது லீலா.

லீலா செஸ் ஸீரோ நரம்பு வலைப்பின்னலில் ஓடுகிற எஞ்சின். அதற்கு வேண்டியது ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் அட்டை. சாதாரண பிராசசரில் அது நடக்க முடியாமல் தவிக்கும். 2018 ஏப்ரலில் டிசிஇசியின் 12ஆம் சீசனில் கடைசிப் பிரிவில் சேர்ந்தபோது அங்கே ஜிபியு கிடையாது. 28 ஆட்டத்தில் ஒரு வெற்றி, இரண்டு டிரா, மீதி எல்லாம் தோல்வி. அந்த ஒரு வெற்றியும் எதிரி எஞ்சின் மூன்றாவது நகர்த்தலிலேயே செயலிழந்ததால் வந்தது. அடுத்த சீசனில் ஜிபியு கொடுத்தார்கள். அதே கடைசிப் பிரிவில் 14 வெற்றி, 12 டிரா, 2 தோல்வி, முதலிடம். இடையில் நாலே மாதம். அந்த நாலு மாதத்தில் லீலாவும் நிறையக் கற்றுக்கொண்டது என்பது உண்மை, ஆனால் காலுக்குக் கீழே தரை மாறியதும் உண்மை.

இப்போது சொல்லுங்கள், ஒரே மாதிரி ஹார்டுவேர் என்றால் என்ன? ஸ்டாக்ஃபிஷ் என்ற முன்னணி எஞ்சின் சாதாரண பிராசசரில் ஓடுவது, அதற்கு ஜிபியு கொடுத்தால் அது சும்மா கிடக்கும். லீலாவுக்கு 44 கோர் கொடுத்தால் அதில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். ஒரே பெட்டியைக் கொடுத்தால் ஒருவருக்கு அநியாயம், வேறு வேறு பெட்டி கொடுத்தால் எந்தப் பெட்டி எதற்குச் சமம் என்று யார் சொல்வது? விலையை வைத்துச் சமன் செய்யலாம் என்றார்கள் சிலர், ஆனால் சர்வர் பிராசசரின் விலைக்கும் விளையாட்டுப் பிள்ளைகள் வாங்குகிற கிராஃபிக்ஸ் அட்டையின் விலைக்கும் சந்தையில் ஒரு தொடர்பும் இல்லை. மின்சாரத்தை வைத்து அளக்கலாம் என்றார்கள் வேறு சிலர்.

ரசிகர்கள் கண்டுபிடித்த இன்னொரு அளவுகோல்தான் லீலா ரேஷியோ. கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய நரம்பு வலைப்பின்னல் எஞ்சினான ஆல்ஃபாஸீரோ 2017 டிசம்பரில் ஸ்டாக்ஃபிஷோடு ஆடியபோது, விநாடிக்கு அது பார்த்தது 80,000 நிலை, ஸ்டாக்ஃபிஷ் பார்த்தது 7 கோடி. வகுத்தால் 875இல் ஒரு பங்கு. அந்த விகிதத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு, இன்றைய போட்டியில் லீலாவுக்குக் கிடைக்கிற வேகம் அதற்கு மேலா கீழா என்று கணக்குப் போட்டார்கள். தோற்ற பக்கம் எதுவோ அது அந்த ரேஷியோவை எடுத்துக் காட்டும். 14ஆம் சீசன் இறுதிப் போட்டியில் லீலாவுக்கு ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ, 2080 என்று இரண்டு கிராஃபிக்ஸ் அட்டைகள். நூறு ஆட்டம் ஆடி ஸ்டாக்ஃபிஷ் 50.5–49.5 என்று ஜெயித்தது. ஒரே ஒரு புள்ளி! அன்றைக்கு லீலாவுக்கு இன்னும் ஒரு அட்டை இருந்திருந்தால் என்று ஒரு பக்கம், ஸ்டாக்ஃபிஷுக்கு இன்னும் பத்து கோர் இருந்திருந்தால் என்று மறுபக்கம். 15ஆம் சீசனில் லீலா 53.5–46.5 என்று பட்டத்தை எடுத்தது.

என் முடிவு என்னவென்றால், இரண்டு வேறு இனத்து எஞ்சின்களுக்குச் சமமான ஹார்டுவேர் என்று ஒன்று இல்லவே இல்லை. அமைப்பாளர் ஒரு இடத்தில் கோடு போடவேண்டும், ஏன் அங்கே போட்டோம் என்று எழுதி வைக்கவேண்டும், சீசன் நடுவில் அந்தக் கோட்டைத் தொடக் கூடாது. 2020 ஆகஸ்டில் ஸ்டாக்ஃபிஷே சாதாரண பிராசசரில் ஓடுகிற நரம்பு வலைப்பின்னலைச் சேர்த்துக்கொண்டது. ஷோகி என்கிற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யூ நாசு உருவாக்கிய முறை அது. அதற்குப் பிறகு ஸ்டாக்ஃபிஷ் முன்னால் ஓடிக்கொண்டே இருப்பதால் இந்தச் சத்தம் குறைந்திருக்கிறது. சத்தம்தான் குறைந்திருக்கிறது, கணக்கு இன்னும் தீரவில்லை.

கே: ஆல்ஃபாஸீரோ ஸ்டாக்ஃபிஷை ஜெயித்தது ஏமாற்று வேலை என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். நீங்கள்?
– வாசகர், தூத்துக்குடி

ப: ஏமாற்று என்ற வார்த்தை அதிகம். 2017இல் நூறு ஆட்டம், 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை. ஆனால் ஸ்டாக்ஃபிஷுக்கு 64 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 64 பக்கம் தேடுகிற வசதி, கொடுத்துவிட்டு ஹாஷ், அதாவது பார்த்த நிலைகளை ஞாபகம் வைக்கிற இடம், வெறும் 1 ஜிபி. பெரிய குடும்பத்துக்குச் சின்னச் சட்டியில் சோறு வடிக்கிற கதை. நேரமும் நகர்த்தலுக்கு ஒரு நிமிஷம் என்று கட்டிவிட்டதால், எங்கே அதிகம் யோசிக்கவேண்டும் என்று ஸ்டாக்ஃபிஷ் கற்று வைத்திருந்த வித்தை வீண். இந்தக் குறைகளைச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். அதற்கு மதிப்புக் கொடுத்து, 2018 டிசம்பரில் வெளிவந்த முழுக் கட்டுரையில் 44 கோர், 32 ஜிபி ஹாஷ், மூன்று மணி நேரம் கூடவே நகர்த்தலுக்கு 15 விநாடி என்று ஆயிரம் ஆட்டம் ஆடிக் காட்டினார்கள். 155 வெற்றி, 6 தோல்வி, மீதி டிரா. உங்கள் நண்பரிடம் இந்த இரண்டாவது போட்டியைச் சொல்லுங்கள்.

கே: பெரிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார் என்றால் மனிதர்கள் ஆடுகிற செஸ்ஸிலும் அதே அநியாயம் வந்துவிட்டதே? நம் ஆனந்துக்கு எதிராகக்கூட சூப்பர் கம்ப்யூட்டர் வைத்துத் தயாரித்தார்களாமே?
– இல்லத்தரசி, சென்னை

ப: ஆமாம் அம்மா, 2010இல் சோஃபியாவில் நடந்த உலகப் பட்டப் போட்டிக்கு ப்ளூ ஜீன் சூப்பர் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தித் தயாரானதாக ஆனந்தின் எதிராளி, பல்கேரியாவின் தோபலோவே பேட்டியில் சொன்னார். ஆயிரக்கணக்கான பிராசசர்கள் கொண்ட மெஷின். வெளியாகாத ரிப்காவின் புதிய பதிப்பும் அவரிடம் இருந்தது. தயாரிப்புக்கு இவ்வளவு ஹார்டுவேர்தான் என்று அங்கே விதி எதுவும் கிடையாது. வைக்கவும் முடியாது, வீட்டில் உட்கார்ந்து யார் எதை ஓட்டுகிறார்கள் என்று யார் போய்ப் பார்ப்பது? ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோய், ஆனந்த் தரை வழியாகப் பயணம் செய்து சோஃபியா போய்ச் சேர்ந்தார். கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஜெயித்து 6.5–5.5 என்று பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

கே: அண்ணா, எங்கள் கல்லூரியில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து, சொந்தமாக எழுதிய எஞ்சின்களை வைத்து ஒரு போட்டி நடத்தப்போகிறோம். ஒருவனிடம் கேமிங் லேப்டாப் இருக்கிறது, மற்றவர்களிடம் பழைய லேப்டாப்கள். இப்போதே வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. என்ன விதி வைக்கலாம்?
– மூன்றாம் ஆண்டு மாணவர், தஞ்சாவூர்

ப: தம்பி, இந்த முறை வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்தது உங்களுடையதுதான். நீங்களே எஞ்சின் எழுதி நீங்களே போட்டியும் நடத்துகிறீர்கள், அதைவிட வேறென்ன வேண்டும்.

எல்லா எஞ்சினையும் ஒரே கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள், யாருடைய லேப்டாப்பும் வேண்டாம். கல்லூரி லேபில் ஒரு டெஸ்க்டாப் கேட்டு வாங்குங்கள். டெஸ்க்டாப் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், லேப்டாப்பில் நான் பட்டிருக்கிறேன். ஸ்டாக்ஃபிஷை எல்லா கோரிலும் ஓடவிட்டால் முதல் ஒரு நிமிஷம் விநாடிக்கு எத்தனை நிலை என்கிற எண் ஜோராக இருக்கும். மூன்றாவது நிமிஷத்தில் ஃபேன் கத்தத் தொடங்கும், கீபோர்டின் மேல் வரிசையில் விரல் வைத்தால் சுடும், அந்த எண் கண் முன்னாலேயே இறங்கிக்கொண்டே வரும். சூட்டைத் தணிக்க பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மே மாதம் தஞ்சாவூரில், ஏசி இல்லாத அறையில் நடத்தினால், காலையில் ஆடிய எஞ்சினுக்கும் மத்தியானம் ஆடிய எஞ்சினுக்கும் ஒரே லேப்டாப்பிலேயே வேறு வேறு ஹார்டுவேர் கிடைத்த மாதிரி.

எஞ்சினுக்கு ஒரே ஒரு த்ரெட் என்று வையுங்கள். முதல் தடவை எழுதுகிறவர்கள் யாரும் பல த்ரெட் தேடலைச் சரியாக எழுதியிருக்க மாட்டீர்கள், அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஹாஷ் எல்லாருக்கும் ஒரே அளவு. எதிராளி யோசிக்கும்போது யோசிக்கிற வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள், ஒரே மெஷினில் இரண்டும் ஓடும்போது ஒன்று இன்னொன்றின் நேரத்தைத் திருடும். தொடக்க நிலைகளை நீங்களே ஒரு பட்டியலாக எடுத்து, ஒவ்வொரு நிலையையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவிடுங்கள். எட்டு எஞ்சினுக்கு ஒரு சுற்று லீக் போதாது, மெஷின்தானே ஆடப்போகிறது, ராத்திரி முழுக்க ஓடட்டும், ஒவ்வொரு ஜோடிக்கும் ஐம்பது நூறு ஆட்டம் என்று வையுங்கள். அப்போதுதான் அதிர்ஷ்டம் கொஞ்சமாவது வடிகட்டப்படும்.

கேமிங் லேப்டாப் தம்பியை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் ஜிபியுவை வைத்து ஏதாவது முயற்சி செய்திருந்தால் அது மதிக்கவேண்டிய உழைப்பு. அவரவர் மெஷினில் அவரவர் ஆடுகிற இரண்டாவது பிரிவு ஒன்று வைத்துவிடுங்கள், பரிசு இரண்டுக்கும் சமமாக இருக்கட்டும். விதிகளை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு லேபில் ஒட்டுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு யாருக்கு எவ்வளவு நல்ல யோசனை தோன்றினாலும் அது அடுத்த போட்டிக்குத்தான்.

முடிந்ததும் முடிவுகளை எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். எந்த எஞ்சின் முதலிடம் என்பதோடு எந்த பிராசசர், எத்தனை த்ரெட், எவ்வளவு ஹாஷ், ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.